செட்டண்ணனின் ஒரே இங்கிலீஷ்

ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பிழைக்கவும், சண்டை போடவும், கல்யாணம் பேசவும், சாமி கும்பிடவும் முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று நான் கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொல்வேன். கண்ணால் பார்த்தவன் நான். எழுபதுகளில் மரக்காணத்தில் ஓர் உப்பளத்தின் எடைக் கொட்டகையில் கிளார்க்காக உட்கார்ந்திருந்தேன். அங்கே பாத்தி வேலை செய்தவர் அவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். அது யாருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் செட்டு. வயதில் சின்னவர்களுக்குச் செட்டண்ணன்.

பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு பூத்தால், "செட்டாயிடுச்சு" என்பார். வானம் கறுத்தால், "மழை செட்டாவுது." காய்ச்சல் வந்தால், "ஒடம்பு செட்டா இல்ல." பிள்ளையார் முன்னால் நின்று, "எல்லாம் செட்டா இருக்கணும்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிள்ளையாருக்குப் புரிந்ததா என்று தெரியாது. டீக்கடை பாய்க்கு மட்டும் புரியும். அங்கே "ஒரு செட்டு" என்றால் ஸ்ட்ராங் டீ ஒன்று, மசால்வடை இரண்டு, பீடி ஒன்று. ஒருநாள் பாயின் மச்சான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த செட்டு?" என்று அவர் கேட்டதற்கு இவர் முகம் தொங்கிப்போய்விட்டது.

"இன்னாங்க இது, செட்டுன்னா செட்டுதான? இதுல எந்த செட்டுன்னு ஒன்னு இருக்குதா?" என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் காலையில் கொட்டகை வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், பெருமுக்கல்ல எங்க மாமா செட்டாயிட்டாரு. இன்னிக்கு லீவு வோணும்."

அந்த மாமா பல நாளாகப் படுக்கையில் இருப்பது எனக்குத் தெரியும். "அப்படியா! ரொம்ப சந்தோஷம். இனிமேலாவது உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பின்னாலேயே வந்த அவர் மனைவி தனம் தலையில் அடித்துக்கொண்டாள். "சார், செத்துட்டாரு சார். இந்த ஆளு சொல்ற இங்கிலீசு உனக்கே புரியலன்னா நாங்க எங்க போறது?"

அன்று மாலை என்னிடமிருந்த தடித்த டிக்ஷனரியை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினேன். பக்கம் பக்கமாகப் போனது. சூரியன் மறைவதும் செட்டு, எலும்பு கூடுவதும் செட்டு, மேஜையில் தட்டு வைப்பதும் செட்டு. படித்துக்கொண்டே தூங்கிப்போனேன். வெள்ளைக்காரன் அத்தனை அர்த்தம் எழுதிவைத்தும் இரண்டு மசால்வடையை விட்டுவிட்டான்.

தனம்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். அவர் ஒன்று சொன்னால் அவள் "அவரு சொல்றது இன்னான்னா..." என்று ஆரம்பித்து ஒன்பது சொல்வாள். அவள் கூட இல்லாமல் அவரை ஓரிடத்துக்கு அனுப்பினால் வம்புதான். கிளியனூரில் ஒரு பெண் பார்க்கும் வைபவத்துக்கு மாப்பிள்ளைக்குத் துணையாகப் போனார். தனம் வரவில்லை. பெண்ணின் தகப்பனார் பையனைப் பற்றி விசாரித்தார். இவர் பெருமையாக, "பையனுக்கு இன்னாங்க கொறை? பட்டணத்துல ஏற்கெனவே ஒரு செட்டு வச்சிருக்கான். ராவெல்லாம் அது கூடத்தான் கெடக்கிறான்" என்றார். கொடுத்த காப்பியைத் திரும்ப வாங்கிக்கொள்ளாத குறை. மாப்பிள்ளைப் பையன் மறுநாள் தன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கிளியனூருக்கு ஓடி, அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் வைத்துத் திருகிக் காட்டிய பிறகுதான் அந்தக் கல்யாணம் நடந்தது.

உப்பளத்தில் ஆள் எடுப்பது எப்படி என்று இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே தனி ஆளுக்குப் பாத்தி கிடையாது. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வந்தால்தான் கொடுப்பார்கள். தை மாதத்தில் இரண்டு பேரும் சேர்ந்து களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்துவார்கள். அப்புறம் உப்புத் தண்ணீர் பாய்ச்சி, உப்பு பூத்ததும் அவன் பலகை போட்டு வாருவான், அவள் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவாள். மிதித்த ஜோடிக்கே மழைக்காலம் வரைக்கும் அந்தப் பாத்தி சொந்தம் மாதிரி. ஜோடியில் ஒருவர் நின்றுவிட்டால் பாத்தி வேறு ஜோடிக்குப் போய்விடும். தினமும் விடியும்போது மேஸ்திரி கரையில் நின்று பெயர் கூப்பிடுவார். புருஷன் பெயர், உடனே பெண்சாதி பெயர். இரண்டு குரலும் வர வேண்டும்.

அந்தச் சித்திரையில் தனத்துக்கு வயிற்றில் வலி வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அவளுடைய அக்கா கூட இருந்து பார்த்துக்கொண்டாள். படுக்கையில் விட்டுவிட்டு வரும்போது தனம் ஒன்றுதான் கேட்டாளாம். "நான் மிதிச்ச பாத்திய எவளுக்கும் குடுத்துடாத. நான் வருவேன்."

மறுநாள் விடியலில் மேஸ்திரி கூப்பிட்டார். "செட்டு!"

"இருக்கறங்க."

"தனம்!"

சற்று இடைவெளி விட்டு, அதே இடத்திலிருந்து ஒரு கீச்சுக் குரல் வந்தது. "வந்துட்டேங்க."

மொத்தக் கரையும் திரும்பிப் பார்த்தது. அவர் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் மேஸ்திரி சாதாரண ஆள் இல்லை. கூடை ஒரு பிடி குறைந்தால் துண்டைத் தரையில் அடித்து, பொய்ப்பல் கழன்று விழுகிற மாதிரி கத்துகிறவர். இன்றைக்கு இவர் தொலைந்தார் என்று நான் நினைத்தேன். மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "இன்னாம்மா தனம், தொண்டை கட்டிக்கிச்சா? சுக்கு தட்டிப் போட்டுக் குடி" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து இரண்டு பேர் வேலையை அவர் ஒருவரே செய்தார். பாத்தியில் இறங்கி வாருவார். அப்புறம் பலகையைப் போட்டுவிட்டு, தனத்தின் சும்மாட்டைத் தலையில் வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் பெண்கள் போகிற வரிசையில் போவார். ஆண்கள் அந்த வரிசையில் போகிற வழக்கமே கிடையாது. இடுப்பை வளைக்கத் தெரியாமல் அவர் விறைத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும். வரிசையில் முன்னால் போகிற அஞ்சலைக்கு வாய் சும்மா இருக்காது.

"செட்டண்ணா, நாளைக்கு பூ வச்சிக்கினு வா. பின்னாடி வர்றவளுக்கு வாசனையா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லும் வரவில்லை. டீக்கடையில் டீ என்றே கேட்டார். வடையைக் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய கஷ்டமாக இருந்தது. கேலி செய்துகொண்டிருந்த பெண்களும் எப்போது நிறுத்தினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. ஒருநாள் பார்க்கிறேன், அவரவர் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்புகிற பெண்கள், போகிற போக்கில் செட்டண்ணன் பாத்தியிலிருந்து ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

முதலாளியின் மருமகன் பாண்டியிலிருந்து வந்த நாளை மறக்க முடியாது. உச்சி வெயில். யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். வந்ததும் நேரே மேஸ்திரியிடம், "அந்தப் பாத்தியில ஒத்த ஆள் நிக்கிறானாமே? பொம்பள எங்க?" என்றார்.

"அதோ கூடை தூக்கிக்கினு போவுது பாருங்க" என்று மேஸ்திரி பொதுவாகக் கடல் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே வரப்பில் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கு எல்லாரும் முந்தானையைத் தலையோடு சேர்த்து முகத்தில் சுற்றியிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரியும். உப்பில் பட்ட வெயில் திரும்பி அடித்ததில் மருமகனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு, "இதுல யாரும்மா தனம்?" என்று கத்தினார்.

"நான்தாங்க!" என்று அஞ்சலை முன்னாலிருந்து குரல் கொடுத்தாள். அதே நேரத்தில் வரிசையின் கடைசியிலிருந்து இன்னொருத்தியும், "நான்தாங்க!" என்றாள். நடுவில் இரண்டு பேர் "நா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தார்.

"இங்க தனம்னு நெறைய பேருங்க இருக்குதுங்க" என்றார் மேஸ்திரி. குரலில் ஒரு பிசிறும் இல்லை.

மருமகன் போன பிறகு அஞ்சலை கொட்டகை நிழலில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நான் சும்மா இருக்க மாட்டாமல், இந்தச் செட்டு என்கிற சொல்லை அவர் எங்கேதான் பிடித்தார் என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா சார்? கண்ணாலம் ஆன புதுசுல ரெண்டு பேரும் இங்க வேலை கேட்டு வந்து நின்னாங்க. அப்ப இருந்த மேஸ்திரி ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்துட்டு, 'சரி, நீங்க ரெண்டு பேரும் ஒரு செட்டு, போங்க'ன்னு சொன்னாரு. அதுக்கு முன்னாடி அந்த வார்த்தைய இந்த ஆளு கேட்டதே இல்ல. இன்னா நெனைச்சுதோ, அன்னிலேருந்து நல்லது கெட்டது எல்லாத்துக்கும் அதான்."

நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதத்தில் தனத்தை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். குணமானவர்களுக்குச் சொல்கிற விதமாகச் சொல்லவில்லை என்று அவள் அக்கா அழுதாள். செட்டண்ணன் திண்டிவனத்தில் பஸ் மாறி, மடியில் படுக்கவைத்துக் கூட்டிவந்தார். வந்த மறுநாளே, உப்பளத்துக்குப் போகணும் என்று அவள் பிடிவாதம். கை வண்டியில் சாக்கு விரித்து உட்காரவைத்து விடியலில் தள்ளிக்கொண்டு வந்தார். பெயர் கூப்பிடுகிற நேரம். வண்டி எல்லாருக்கும் பின்னால் நின்றது. மேஸ்திரி அதைப் பார்க்கவில்லை.

"செட்டு!"

"இருக்கறங்க."

"தனம்!"

"வந்துட்டேங்க."

காற்றில் பாதி போய்விட்ட குரல். மேஸ்திரி தலையைத் தூக்காமலே, "இன்னாப்பா செட்டு, இன்னிக்கு சரியாவே பண்ணலியே, அவ கொரலு இப்படியா இருக்கும்?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். பெண்கள் விலகி நின்றார்கள். வண்டியில் சாக்கின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு தனம் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இருந்தாள். மேஸ்திரி துண்டைத் தோளிலிருந்து எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கு மேல் அன்றைக்கு அவர் பெயர் கூப்பிடவில்லை.

அவளுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. கரையில் இறக்கி உட்காரவைத்ததும் கண் நேரே பாத்திக்குத்தான் போனது. கையால் ஒரு பிடி உப்பை அள்ளிப் பார்த்தாள். "யோவ், இன்னாய்யா இது? பலகைய இந்த அழுத்தா அழுத்துவ? அடி மண்ணு கெளம்பி வருது பாரு. உப்பு விக்கறமா, சேறு விக்கறமா?" ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை. வரப்பு சரியில்லை என்றாள், மடை ஒழுகுகிறது என்றாள். அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு கணுக்காலளவு தண்ணீரில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரத்திலேயே போய்விட்டாள். செய்தி சொல்ல அவரேதான் வந்தார். கொட்டகை வாசலில் நின்று, "தனம் செத்துட்டா சார்" என்றார். எனக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

காரியம் முடிந்த மறுநாள், மழை வரைக்கும் பாத்தியை நீயே வைத்துக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரி சொன்னார். செட்டண்ணன் கேட்கவில்லை. இடையஞ்சாவடிப் பக்கம் மரக்கன்று நடக் குழி வெட்ட ஆள் எடுக்கிறார்கள், அங்கே தனி ஆளாகவே போகலாம் என்றார். பலகையைக் கழுவிக் கொட்டகையில் சாத்தினார். போனவர் திரும்பி வந்து மேஸ்திரியிடம் ஒன்று சொன்னார். "அந்தப் பாத்தியில கெழக்கால ஓரம் எப்பவும் எளகும்ங்க. அவ அங்க வந்தா ரெண்டு மிதி சேத்துப் போடுவா. அடுத்து யாரு வர்றாங்களோ அவங்களுக்குச் சொல்லிடுங்க."

அடுத்த தையில் ஒரு சின்னஞ்சிறு ஜோடி அந்தப் பாத்தியில் இறங்கியது. கல்யாண மஞ்சள் மாறாத பெண். கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி மிதித்தாள். அவர்கள் கிழக்கு ஓரத்துக்கு வந்ததும் மேஸ்திரி குடையைச் சுருக்கிக்கொண்டு கரையில் குந்தி உட்கார்ந்தார்.

"அங்க நல்லா மிதிம்மா. அவசரப்படாத. அது தனத்தோட ஓரம்."

நான் அங்கே வேலையில் இருந்த வரைக்கும் அந்த ஓரத்துக்கு அதுதான் பெயர். தனம் யார் என்று தெரியாதவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். செட்டண்ணனை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் அவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆசையாக இருக்கிறது.