அரைப்பேர் அய்யாவின் ரோஜாவுக்குக் கீழே

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது மூன்று. செத்துப்போன நாத்தனாரின் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழும் நல்லபடியாக இருக்கின்றன. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவள் நான். இவ்வளவுக்குப் பிறகும் என்னிடம் குறை கண்டுபிடித்த ஒரே மனிதர் எங்கள் அரைப்பேர் அய்யாதான். என்னிடம் மட்டுமா, அம்மனிடமே கண்டுபிடித்தவர்.

எஸ்டேட்டில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள், பாதி வேலைக்கு அரைப் பேர். அதைப் போடுகிற கணக்கப்பிள்ளை அவர். காலை ஏழு மணிக்கு எங்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார். அதைப் பிரட்டு என்போம், சிலோனிலிருந்து எங்களோடு கப்பலேறி வந்த வார்த்தை. ஏழு அடித்த பிறகு மூச்சு வாங்க ஓடி வந்தால் அரைப் பேர். கூடையில் முற்றின இலை இரண்டு கிடந்தால் அரைப் பேர். அது அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "அரைப்பேர்" என்பார். ஒரு திருவிழாவில் தேர் தாமதமாக வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாளுக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்" என்றார். பூசாரி கையிலிருந்த விபூதித் தட்டு கீழே விழுந்தது.

என் மகளுக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு இறங்கினேன். மற்றவர்கள் சாயங்காலம் வரை பறிப்பதை அதற்குள் பறித்திருந்தேன். "எடை சரி, நேரம் பாதி" என்று அரைப் பேர் போட்டார். நாற்பது வருடம் ஆகிறது. மறக்கவில்லை.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கொழுந்துக்காரிகள் நாங்கள் சேர்ந்து ஒரு ரோஜாச்செடி கொடுத்தோம். வாங்கப் போனது நான். "இருக்கிறதுலயே முள்ளு ஜாஸ்தியா உள்ளதாப் பாத்துக் குடுப்பா" என்று நர்சரிக்காரரிடம் கேட்டு வாங்கினேன். திரும்பி வருகிற வழியெல்லாம் நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

கடைசியில் காலனி வீடு கிடைத்தபோது, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ரோஜா அவர் வாசல் மேட்டின் விளிம்பில் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. போன வருடத்து மழையில் அந்த மேட்டு மண் கரைந்து என் வாசலுக்கு வர ஆரம்பித்தது. "இன்னும் ஒரு ஐப்பசி மழை அடிச்சா அந்த ரோஜாவே நம்ம அடுப்பங்கரைக்கு வந்துரும்" என்றாள் பேத்தி கீர்த்தனா. செடியைச் சுற்றித் தரையோடு படர்கிற எதையாவது வைத்தால்தான் மண் நிற்கும். அதற்குச் செடி தேட வேண்டியவர், ஆள் எடுக்கக் கிளம்பினார். பழையபடி கையில் நோட்டு.

"தரைய விட்டு எந்திரிக்கக் கூடாது. மண்ணப் புடிக்கணும். ரோசாவோட தண்ணியத் திருடக் கூடாது. மூணு மாசம் டெம்பரவரி, அப்புறம்தான் பெர்மனன்ட்" என்று புதினாவிடம் சொன்னார். ஆமாம், புதினாவிடம்தான்.

தினமும் ஏழு மணிக்குப் பிரட்டு. முதல் வாரம் புதினாவுக்கு முழுப் பேர். "பாத்தியா பழனியம்மா, இது வேலக்காரி!" என்று என்னைப் பார்த்துக் குத்தலாகச் சொன்னார். அடுத்த மாதம் அந்த வேலைக்காரி ரோஜாவின் கழுத்தை நெரித்து, என் குழாயடி வரைக்கும் வந்துவிட்டாள். ரோஜா மொட்டு வைப்பதையே நிறுத்தியது. புதினாவுக்குச் சீட்டுக் கிழிந்தது.

அடுத்தது ஸ்ட்ராபெரி. அடக்கமான செடி. ஆனால் பழம் சிவந்த அன்றே காட்டெருமை வந்தது. எங்கள் ஊரில் காட்டெருமை வருவது புதிதில்லை. அதன் முகத்துக்கு நேரே நோட்டை ஆட்டி, "யாரு ஒனக்கு இந்த மலையில வேல போட்டது?" என்று ஒருவர் கேட்டது புதிது. அது மென்றுகொண்டே அவரைப் பார்த்தது.

"அய்யா, அதுக்கும் ஒரு அரைப்பேர் போட்டுட்டு உள்ள வாங்க!" என்று நான் கத்தினேன்.

மூன்றாவதாக, வெலிங்டனில் ராணுவ ஆபீசர் பங்களாவில் தோட்டவேலை பார்க்கிற அவர் மருமகன் நாஸ்டர்ஷியம் கொண்டுவந்தார். வட்ட இலை, ஆரஞ்சுப் பூ. ஆபீசர் பங்களாச் செடி என்று அய்யா மரியாதையாக நட்டார். படரச் சொன்னால் அது ஏறியது. ரோஜாவின் உச்சந்தலையில் உட்கார்ந்து பூத்தது. "பங்களாத் திமிரு" என்று அதையும் கழித்துக்கட்டினார்.

ஐப்பசி பிறந்தபோது மேடு மொட்டையாகக் கிடந்தது.

எந்தச் செடி நிற்கும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். எங்கள் வீட்டுப் பின்பக்கக் கல்கட்டுச் சுவரில், கல்லிடுக்கில், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு பொடிப் பூ படர்ந்து கிடக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் மழை கொட்டியது. எட்டிப் பார்த்தால், இருந்த ஒரே பிளாஸ்டிக் தாளை ரோஜாவுக்குப் போர்த்திவிட்டு, அய்யா நனைந்தபடி உட்கார்ந்து, வெளியே தெரிந்த வேர்களைச் சேற்றால் மூடிக்கொண்டிருந்தார்.

"உள்ள போங்கய்யா. ஒரு முள்ளுச்செடிக்காகப் படுத்துக்கப் போறீங்க."

"நீங்கள்லாம் சேந்து குடுத்தது புள்ள. அத்தன வருசத்துல என்னய வையாமக் குடுத்த ஒண்ணு இதுதான்."

பறந்துகொண்டிருந்த தாளின் முனையில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன்.

மறுநாள் காலையில் மழை கொஞ்சம் விட்டது. கல்கட்டிலிருந்து அந்தச் செடியை, அது பிடித்திருந்த சின்னக் கல்லோடும் மண்ணோடும் பெயர்த்துக் கூடையில் சுமந்துபோய், ரோஜாவைச் சுற்றி வரிசையாக அழுத்தி வைத்தேன். ஏழு மணிக்கு நோட்டு வந்தது.

"என்னா செடி?"

"சுவத்துப் பூன்னு எழுதுங்க."

"யாரு வச்சது?"

"யாரும் வைக்கல. அதுவா வந்துச்சு. நான் குடிவந்த நாளுலருந்து கல்ல விடாமப் புடிச்சிருக்கு."

"லீவு போடுமா?"

"ஒரு நாள் போட்டதில்ல."

"அப்ப மொதல்லயே ஏன் சொல்லல?"

"நீங்க அரைப்பேர் போடுவீங்க."

அவர் செடியின் பேரை மட்டும் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு எட்டு நாள் விடாத மழை. ஒன்பதாம் நாள் என் வாசலில் ஒரு பிடி மண் இல்லை. ரோஜா நேராக நின்றது. சுவரைத் தட்டிக் கூப்பிட்டார். நோட்டைக் காட்டினார். சுவத்துப் பூ, ஒரு பேர். அதற்குக் கீழே, பழனியம்மாள், அரை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்கு இப்பவும் அரைதானா?"

"மகளுக்குக் காச்சல்னு எறங்குனியே, அந்த மிச்ச அரை" என்றார். நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது ரோஜாவின் காலடி முழுக்கப் பொடிப் பூ. பிரட்டு தினமும் நடக்கிறது. ஏழு மணிக்கு அவர் சத்தம் கேட்காவிட்டால் நான் சுவரைத் தட்டுகிறேன்.

கீர்த்தனா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை முதலிலிருந்து ஒருதரம் படி கண்ணு, கேட்கிறேன். நர்சரியில் முள் பார்த்து வாங்கின இடம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திப் படி. அவருக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்.