மாப்பிள்ளைச் சோறு தின்ற ஆடு

நான் கெட்டிக்காரன். இதை நானேதான் சொல்லிக்கொள்ளவேண்டும். மனைவி வீட்டில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஐம்பதுகளில் கல்முனையில் கலியாணம் முடித்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பான். முதல் நாளிலிருந்தே மாமி விருந்து வைத்தார், வைத்தார், வைத்துக்கொண்டே இருந்தார். மறுத்தால் அவர் முகம் சுருங்கும். (மறுக்காவிட்டால் என் வயிறு வெடிக்கும்.)

ஐந்தாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தேன். பின்வளவில் பால் ஆடு ஒன்று கட்டியிருந்தது. மாமி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனதும் நெய்ச்சோறும் பணியாரமும் ஆட்டுக்குப் போயின. "நல்லாத் தின்னு, பால் கூடும்" என்று உபதேசம் வேறு!

மூன்றே நாளில் ஆட்டின் இடப்பக்க வயிறு ஊதிவிட்டது. அசைபோட்டு இரை மீட்டவில்லை. பாலும் நின்றுபோனது. மனைவியின் அக்கா, ராத்தாவுக்குக் காய்ச்சலில் தாய்ப்பால் வற்றியிருந்ததால், அவரது ஆண் குழந்தை அந்த ஆட்டுப்பாலை நம்பித்தான் இருந்தான். அவன் பசியில் அழுதபோது எனக்கு உயிரே போய்விட்டது.

"ஆர்ர கண்ணூறோ தெரியா!" என்று மாமி புலம்பினார். கண் அல்ல, கை. என் கை.

நான் விவசாயக் கந்தோரில் கிளார்க். ஆட்டுத் தீனி பற்றிய துண்டுப்பிரசுரத்தை டைப் அடித்தவனே நான்தான். (அடித்தேனே தவிர வாசிக்கவில்லை.) பெட்டியில் கிடந்த பிரதியை அன்றுதான் படித்தேன். ஆட்டின் வயிற்றில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் இருந்துதான் தழையைச் செரிக்கவைக்கின்றனவாம். திடீரென்று சோறு நிறையப் போனால் வயிறு புளித்து அவை செத்துப்போகுமாம். சுகமான ஆடு மீட்டும் இரையை எடுத்துப் புகட்டினால் திரும்பவும் பெருகுமாம்.

உடனே வேலி பாய்ந்தேன். அடுத்த வளவு ஆசியத்தும்மாவின் ஆடு சுகமாக இரை மீட்டிக்கொண்டிருந்தது. வாய்க்குள் கையை விட்டேன். அது கடித்தது. நான் கத்தினேன். ஆசியத்தும்மா என்னைவிட உரக்கக் கத்தினார்.

"ஓடி வாங்க! புது மாப்புள ஆட்டுர வாய்க்குள்ள இருந்து சாப்பாட்டப் பறிக்காரு!"

தெருவே கூடிவிட்டது. மாமி முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன மகன் இது? நான் போடுற சோறு காணாதா?"

"காணும் மாமி. கூடிப்போச்சு. மிச்சத்தையெல்லாம் நம்மட ஆடுதான் தின்டிச்சு."

பிரசுரத்தில் படித்த வைத்தியத்தையும் சொன்னேன். மாமி நேரே போய்த் தன் ஆட்டின் வாயைப் பிடித்துக்கொண்டார். கையில் கிடைத்த இரையை இளஞ்சூட்டு நீரில் கரைத்து மூங்கில் குழாயால் புகட்டினேன். சோறு நிறுத்தம், வைக்கோலும் தழையும் மட்டும். மறுநாளும் ஆசியத்தும்மா வளவுக்குப் போனேன், இம்முறை வாசல் படலையால், அனுமதி கேட்டு.

மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆடு இரை மீட்டியது. மாமி "அல்ஹம்துலில்லாஹ்!" என்று போட்ட சத்தத்தில் கோழிகள் பறந்தன. அந்த வாரமே பால் திரும்பியது. பிள்ளை குடித்துவிட்டு உறங்கியதைப் பார்த்து நான் அழுதேன். பெருமையாகத்தான் அழுதேன். பிறகு அந்தத் தெருவில் எந்த ஆடு தீனி எடுக்காவிட்டாலும் என்னைத்தான் தேடி வந்தார்கள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது மருமகனே வந்துவிட்டான். என்றாலும் எந்த விருந்திலும் என் கை கொஞ்சம் தயங்கினால் போதும், சபை நடுவே அந்தப் பிள்ளையே சித்தப்பாவான என்னிடம் கேட்பான்:

"என்ன சாச்சா, ஆட்ட அவுத்துட்டு வரவா?"