மேலிடத்துல சொல்லிகீறாங்க

ஆசியக் கண்டத்திலேயே பயிற்சி வகுப்புக்குப் போகவேண்டும் என்று ஏங்கிய ஒரே அரசு ஊழியர் எங்கள் மேலிடம்தான். அவரைப் போகவிடாமல் செய்தவன் நான். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் சிரித்துக்கொண்டே படித்து, என்னையும் ஒரு நல்ல மனிதன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ஒரு கிளை நூலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே சிலருக்கு இன்னும் என்மேல் கோபம் ஆறவில்லை. நான் நூலகர். மேலிடம் உதவியாளர். பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் வந்து கதவைத் திறப்பது, பெருக்குவது, புத்தகம் அடுக்குவது எல்லாம் அவர் பாடு. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இந்தப் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன்.

நூலகர்களுக்கு அவ்வப்போது நகரத்துக்குள் குளிர்சாதன அரங்கில் பயிற்சி வைப்பார்கள். வாசகரை எப்படி வரவழைப்பது, என்னென்ன நிகழ்ச்சி நடத்துவது என்று பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். குறை அவர்களிடம் இல்லை. திரையில் படம் காட்டுவதற்காக விளக்கை அணைப்பார்கள்; விளக்கை அணைத்தால் நான் தூங்கிவிடுவேன். இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவன்தான். இருட்டில் படிக்கும் கலை மட்டும் கைவரவில்லை.

மறுநாள் காலை மேலிடம் என்னை வாசலிலேயே மறித்துக்கொள்வார்.

"சார், இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

"நிறைய சொன்னாங்க. பொதுவா வாசகர் சேவை..."

"பொதுவால்லாம் வேணாம் சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இன்னிக்கே செஞ்சிர்லாம்."

பயிற்சியில் சொன்னதை அன்றைக்கே செய்துவிடலாம் என்று கேட்ட மனிதரை என் பணிக்காலத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. தூங்கினேன் என்று சொல்ல வெட்கம். உள்ளே என் மேசைமேல் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களின் அட்டைகள் குவிந்து கிடந்தன. அதைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "புத்தகம் தராதவர் வீட்டு வாசல்ல போய் நின்னு, கதையோட முடிவைச் சொல்லிடுவோம்னு சொல்லணுமாம். உளவியல் முறை."

அன்று மாலையே கிளம்பிவிட்டார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் ஒரு துப்பறியும் நாவலை ஒரு வருடமாக வைத்திருந்தார். அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே நின்று மேலிடம் குரல் கொடுத்தார்.

"சார்! பொஸ்தகத்த குடுக்குறீங்களா, கொலகாரன் பேர சொல்லிறட்டா?"

இரண்டாவது மாடியில் தலை தெரிந்தது. "யோவ், வேணாம்யா! நான் இன்னும் பாதிதான் வந்திருக்கேன்!"

"ஒரு வருசமா பாதியா? சரி, மொத எழுத்து மட்டும் சொல்றேன். எல்லாரும் கேட்டுக்கங்கோ..."

புத்தகம் மாடியிலிருந்து பறந்து வந்தது. அந்த வாரம் எங்களுக்கு மூட்டை மூட்டையாகப் புத்தகங்கள் திரும்பின. அதில் பல எங்கள் நூலகத்துப் புத்தகங்களே இல்லை.

நான் பயந்திருக்க வேண்டும். எனக்கோ ருசி வந்துவிட்டது. அடுத்த பயிற்சியிலும் நன்றாகத் தூங்கிவிட்டு வந்து, "மக்கள் எங்கே வரிசையில் நிக்கிறாங்களோ அங்கே போய்க் கதை படிக்கணுமாம்" என்றேன். இதை வைத்து என்ன செய்கிறார் பார்க்கலாம் என்ற நினைப்பு.

அவர் ரேஷன் கடை பாமாயில் வரிசைக்குப் போனார். ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு குடும்பக் கதையை ஏற்ற இறக்கத்தோடு படித்தார். கதாநாயகி கிணற்றங்கரைக்கு வந்து நின்ற இடத்தில் புத்தகத்தை மூடி, "மீதி நூலகத்துல" என்று இறங்கிவிட்டார். நடுவில் கடைக்காரர் சண்டைக்கு வந்தாராம். முன்னால் போனால் கதை கேட்காது என்று யாரும் நகரவில்லை.

"யாரக் கேட்டுய்யா இங்க வந்து படிக்கிற? என் லைனு நவுரவே மாட்டேங்குது!"

மேலிடம் விரலை மேலே காட்டியிருக்கிறார். "மேலிடத்துல சொல்லிகீறாங்க."

கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். தகரக் கூரைதான் இருந்தது. ஆனாலும் மேலிடம் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு மரியாதை உண்டல்லவா? அடங்கிவிட்டார். அன்றிலிருந்து ஊரே அவரை மேலிடம் என்றது.

மறுநாள் நான் நூலகத்துக்குப் போனால் வாசலில் பெண்கள் கூட்டம்.

"இன்னாபா மேலிடம், அந்தப் பொண்ணு கெணத்துல வுழுந்துச்சா இல்லியா? ராத்திரி சோறே எறங்கல எனக்கு."

"மெம்பரா சேரும்மா, சொல்றேன்."

"நீ மொதல்ல சொல்லு, அப்பால சேர்றேன்."

"அதெல்லாம் முடியாது. மேலிடத்து உத்தரவு."

சேர்ந்தார்கள். நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களுக்கு உட்கார நாற்காலி இல்லாமல் போனது. அவர்கள் முணுமுணுத்ததும் நான் இன்னொரு பாடத்தை உற்பத்தி செய்தேன்: மாதம் ஒரு சனிக்கிழமை நூலகத்தில் சத்தம் போட்டுச் சண்டை போடலாம், ஆனால் எதைச் சொன்னாலும் ஏதாவது ஒரு புத்தகத்தில் பக்கத்தைக் காட்ட வேண்டும். சண்டைக்கு ஆதாரம் தேடி, பத்து வருடமாக யாரும் தொடாத அலமாரிகளையெல்லாம் கலைத்தார்கள். மேலிடம் நடுவில் நின்று, "பக்கம் காட்டுங்க, இல்லாகாட்டி குந்துங்க" என்று மணியடித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் பரவியது. அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேலிடம்தான் எல்லோரையும் விடச் சத்தமாகக் கை தட்டினார். நான் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. உதவியாளர்களும் பயிற்சிக்கு வரலாம், விருப்பமுள்ளவர் பெயரை அனுப்புங்கள் என்று. மேலிடம் எங்கிருந்தோ மோப்பம் பிடித்துவிட்டார்.

"சார், என் பேர அனுப்பிச்சிருங்க. ஒரு தபா அந்த ஹால்ல குந்தி, அவங்க வாயாலயே கேக்கணும் சார். உங்க வாயால கேக்குறதுல பாதி வுட்டுப்பூடுது போல கீது."

இவர் அங்கே போய், "கொலகாரன் பேர சொல்ற முறையில அடுத்த பாடம் இன்னா?" என்று எழுந்து கேட்பார். அரங்கம் சிரிக்கும். யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரிப்பார்கள். என் பொன்னாடை என்ன ஆவது? அவர் பெயருக்கு எதிரே 'விருப்பமில்லை' என்று எழுதி அனுப்பினேன். அவரிடம், "உங்க பேர் வரலை" என்றேன். அடுத்த வருடமும் அதையே எழுதினேன், அதையே சொன்னேன். "மேலிடத்துல இன்னா காரணமோ" என்று சொல்லிவிட்டு அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

என் பணி ஓய்வு விழாவில் அவரைப் பேசச் சொன்னார்கள். "சார் ட்ரெயினிங் போய் கத்துகினு வந்தத மூட்ட கட்டி வெச்சிக்கல. அம்புட்டும் நம்மளுக்கு குடுத்தாரு" என்றார். அன்று விருந்தில் அவர் முகத்தைப் பார்க்காமல், சர்க்கரை வியாதியையும் மறந்து, இரண்டு கிண்ணம் பாயசம் குடித்தேன்.

எனக்குப் பின் வந்தவர் அகிலா என்ற இளம் நூலகர். சில மாதம் தயங்கிவிட்டு, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த பயிற்சிக்கு மேலிடத்தின் பெயரை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அனுப்பினார். "ஆனா சார், அவர் அங்க போய் அவமானப்படறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

பயிற்சி தொடங்கும் நாள் காலை பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் போனேன். மேலிடம் புதுச் சட்டையில் நின்றிருந்தார். முகச்சவரம் செய்ததில் இரண்டு இடத்தில் வெட்டு.

"நான் சொன்ன பாடம் எதுவும் எந்தப் பயிற்சியிலயும் சொன்னது இல்ல. நான் தூங்கிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"ரேசன் கடைல படிச்சது?"

"அதுவும்தான்."

"சண்ட சனிக்கெழம?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப மேலிடம்னு ஒண்ணு இல்லவே இல்லியா சார்?"

"நான்தான்."

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இன்னும் கொஞ்சம் ஒசரமா இருக்கும்னு நெனச்சேன் சார்" என்று சிரித்தார். சிரித்தாரே என்ற தைரியத்தில் மீதியையும் சொன்னேன். பெயர் வராமல் போகவில்லை, விருப்பமில்லை என்று எழுதியது நான்தான் என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ரயில் வந்தது. ஏறி நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பொய் சொன்னீங்க, அத வெச்சி நான் வேல செஞ்சேன். போவட்டும். இத வெச்சி நான் இன்னா சார் செய்யறது?"

ரயில் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மூன்று வாரம் நூலகத்துப் பக்கமே போகவில்லை. பிறகு அகிலா தொலைபேசியில் அழைத்தார். "சனிக்கிழமை உங்களை வரச் சொல்றார் சார். கட்டாயம் வரணுமாம்."

போனேன். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் மின்சார ரயிலில் கொய்யா விற்கும் அம்மா. இன்னொன்றில் திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே இரவு வேலை பார்க்கும் கணினிக்காரப் பையன். மூன்றாவது காலியாக இருந்தது. அதன் முதுகில் ஓர் அட்டை: 'பொய் சொன்ன நூலகர்'.

"குந்துங்க சார்" என்றார் மேலிடம். "ஆளுங்களையே பொஸ்தகம் மாரி அரைமணி நேரம் இரவல் குடுக்கணும். வர்றவங்க எதுர்ல ஒக்காந்து அவங்க கதைய கேப்பாங்க. இது நெசமாவே அங்க சொன்னது. அகிலா மேடமாண்ட வேணா கேட்டுக்கங்க."

முதலில் என்னை இரவல் வாங்கியவர் வங்கி மேலாளர். "கொலைகாரன் பேரைச் சொல்லி என் மானத்தை வாங்கினது உங்க யோசனையா?" என்று அரைமணி நேரமும் அவரே பேசினார். மேலிடம் வந்து, "சார், பொஸ்தகத்த பேச வுடுங்க" என்று அதட்டினார்.

இப்போது மாதம் ஒருமுறை அந்த நாற்காலியில் உட்காருகிறேன். கொய்யா அம்மாவுக்கு அடுத்தபடி எனக்குத்தான் கிராக்கி. நான் பேசும்போது மேலிடம் பக்கத்து அலமாரியில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். பாமாயில் வரிசைக் கதை வந்தால் சிரிப்பில் தோள் குலுங்கும். ஆனால் 'விருப்பமில்லை' என்று எழுதிய இடத்துக்கு நான் வந்தால், துணியை வைத்துவிட்டுத் தேநீர் வாங்க வெளியே போய்விடுவார். ஒரு மாதமும் தவறியதில்லை. மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதும் இல்லை.

திரும்பி வரும்போது கையில் இரண்டு தேநீர் இருக்கும். ஒன்றில் சர்க்கரை போடாமல் வாங்கி வருவார்.