மூன்று துண்டு சாத்தே

“பேசாதீங்க! நீங்க இன்னும் அணைஞ்சுதான் இருக்கீங்க!” என்று லோஷினி கத்தினாள்.

அவள் கணவன் மதிவாணன் வாயை மூடிக்கொண்டான். பாசிர் கூடாங் ஆலையில் வேலை முடிந்து தம்போய் வீட்டுக்கு வந்தவனைச் சட்டை மாற்றக்கூட விடாமல் புரதமாக்கிவிட்டாள்.

மறுநாள் பல்கலைக்கழக மேடையில் தன் ஆராய்ச்சியை எல்லோருக்கும் புரியும்படி அவள் சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அவள் சூரப்புலிதான். ஆனால் நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன வருஷம் வணக்கத்தோடு இறங்கிவிட்டாள்.

மனித செல்லில் ராஸ் என்றொரு குட்டிப் புரதம் இருக்கிறது. மூன்று பாஸ்பேட் உள்ள ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறைப் பிடித்தால் ‘வளரு’ என்று கட்டளை போடும். அதில் ஒன்று கழன்றால் அடங்கிவிடும். ஒத்திகையில் மதிவாணன்தான் ராஸ்; ஜிடிபிக்குப் பதிலாக, சுட்ட இறைச்சி மூன்று துண்டு கோத்த சாத்தே குச்சி. பத்துக் குச்சி கேட்டவளுக்கு மதிவாணன் ஐம்பது வாங்கிவந்திருந்தான்.

“மூணு துண்டு இருந்தா கத்தணும். ஒண்ணைக் கடிச்சா கப்சிப்.”

“ஓக்கே லா.” குச்சியை வாங்கியவன், “வளரு! வளரு!” என்று வாசலைப் பார்த்துக் கத்தினான்.

“கடிங்க!”

“ராஸ் தானா மெதுவாத்தான் கடிக்கும்னு நீதானே சொன்னே?”

கடிக்கவைக்க இன்னொரு புரதம் வேண்டுமே! பக்கத்து வீட்டு ராசம்மாவைக் கூப்பிட்டாள். அவர் வந்து துண்டைத் தானே தின்றார்.

“அக்கா, நீங்க தின்னக்கூடாது! அவரைத் தின்னவைக்கணும்!”

இப்போது பழைய குச்சியைப் பிடுங்கிப் புதுக் குச்சிக்கு வழிவிட ஓர் ஆள் தேவை. ராசம்மாவின் மருமகள் ஷாமளா வந்தாள். பின்னாலேயே தெருவும் வந்தது.

“அலமாக்! என்ன விசேஷம்?” என்று வியந்தார்கள்.

“மூணையும் தின்னா கேன்சர் வரும்,” என்று மதிவாணன் விளக்கினான்.

“ஐயோ, தப்பு!” லோஷினி நாற்காலியில் ஏறினாள். “ஒண்ணுமே கழலாம சுவிட்ச் போட்டபடியே நின்னாதான் ஆபத்து! செல் வளர்ந்துகிட்டே போகும்!” குச்சியும் கையுமாக, பிடிப்பவன், கடிக்கவைப்பவன், பிடுங்குபவன் என்று முழு ஆராய்ச்சியையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். கைதட்டல் கேட்டபிறகுதான் கூட்டம் கண்ணில் பட்டது.

“உங்களால தெருவே கூடிடுச்சு! உங்க மண்டையில எதுவுமே ஏறாதா?” என்று கணவனிடம் சீறினாள்.

ஷாமளா கடைசிக் குச்சியை வாயிலிருந்து எடுத்தாள். “அண்ணன் நேத்தே வீடு வீடா வந்து கூப்பிட்டாரு, அக்கா. ‘நான் தப்புத் தப்பா சொல்லுவேன், யாரும் திருத்திடாதீங்க, லோஷி திருத்தட்டும்’னாரு.”