கல்லெறிக் கங்காணியின் எல்லை

சட்டத்தைப் புத்தகத்தில் எழுதி வைத்தவர்கள் உலகத்தில் ஏராளம். சட்டத்தை வலது தோளில் வைத்துக்கொண்டு நடமாடியவர், எனக்குத் தெரிந்து, எங்கள் கல்லெறிக் கங்காணி ஒருவர்தான். அந்தத் தோளில் வலி வந்தபோது ஒரு பட்டின சபையே தைலம் தேடி அலைந்தது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் அந்தச் சபையில் கிளார்க்காக இருந்தேன். தைலம் வாங்கப் போனவர்களில் நானும் ஒருவன்.

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற வழியில் பஸ் மூச்சு வாங்க நிற்கும் சின்ன ஊர் எங்களுடையது. ஊருக்குக் கீழே ஒரு குளம். குளத்தில் அரை ஏக்கர் அளவுக்கு ஒரு தீவு. வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப்புக்குச் சொந்தமாக இருந்தவரை எங்களில் யாரும் அதில் கால் வைத்ததில்லை. சுதந்திரம் வந்த சில வருஷங்களில் கிளப்பை மூடி, குளத்தையும் தீவையும் சபையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். தீவு இனிப் பொதுப் பூங்கா. அதைச் சுற்றியுள்ள நாணலில் கெண்டை குஞ்சு பொரிப்பதால் அங்கே மீன் பிடிக்கத் தடை என்று சபை தீர்மானம் போட்டது. எவ்வளவு தூரத்துக்குத் தடை என்று சொல்ல மட்டும் மறந்துபோனது.

பூங்காக் காவலுக்கு வந்தவர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் சில்லறைக் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். தேயிலைக்குள் மாடு புகுந்தால் மேட்டில் நின்றபடியே கல்லெறிவாராம். கல் மாட்டின் மேல் படாது. மூக்குக்கு முன்னால் விழும், மாடு திரும்பிவிடும். பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். சுதந்திரத்தோடு வந்த சட்டம் பறித்துவிட்டதால், தோட்டத்து ஆட்கள் பெரும்பாலோரைப் போல அவருக்கும் இலங்கைக் குடியுரிமை கிடையாது, ஓட்டும் கிடையாது. மீன்களுக்கு ஓட்டு இருந்திருந்தால் அவர்தான் எங்கள் சேர்மன்.

தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, அன்றைய கூலிக்குப் பேர் போட்டு, வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். கங்காணிக்குத் தெரிந்த நிர்வாகம் அது ஒன்றுதான். அதனால் பூங்காவுக்கும் பெரட்டு வைத்தார். பீப்பாய்த் தெப்பத்தில் வந்து இறங்குகிறவர்கள் வரிசையில் நிற்கவேண்டும். "நீங்க அந்த பெஞ்சு. நீங்க மரத்தடி. புள்ளைங்க எல்லாம் தண்ணிப் பக்கம் போகாம புல்லுல" என்று இடம் பிரித்துக் கொடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, ஆறு நாளும் தோட்டத்துல பெரட்டு. இன்னிக்காவது சும்மா இருக்கலாம்னு வந்தா இங்கயும் பெரட்டா?"

"அங்க வேலை செய்யப் பெரட்டு. இங்க சும்மா இருக்கப் பெரட்டு. சும்மா இருந்தாலும் ஒழுங்கா இருக்கணும் தாயி. நீ அந்தக் கல்லு மேல போயி சும்மா இரு."

அவளும் போய் உட்கார்ந்தாள்.

பூங்கா என்றால் பூ வேண்டாமா? சேர்மன் நுவரெலியாவிலிருந்து ரோஜாவும் டேலியாவும் தருவித்து நட்டார். கண்டியைச் சேர்ந்த சிங்களவர், நல்ல மனிதர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். மூன்று மாதம் கழித்துப் பார்க்க வந்தால் தீவு முழுக்க இடுப்பளவில் தட்டையாக, பாய் விரித்த மாதிரி பச்சை. கங்காணி அத்தனையையும் தேயிலைக்குச் செய்வதுபோலக் கவ்வாத்து வெட்டியிருந்தார்.

"பூ எங்க கங்காணி, பூ?"

"பூக்க விட்டா கொழுந்து கெட்டுப் போகுமுங்க."

"இது தேயிலை இல்லை!"

"செடி எதுவா இருந்தாலும் ஒழுக்கம் ஒண்ணுதானுங்களே."

சேர்மன் தலையில் அடித்துக்கொண்டு தெப்பம் ஏறினார்.

மீன் பிடிக்கும் எல்லைக்கு வருகிறேன். ஊரில் தூண்டிலோடு பிறந்தவர் பேக்கரி நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். அடுப்பில் பாண் வேகும் நேரத்திலும் அவர் குளத்தில் இருப்பார். தடை எதுவரை என்று முதலில் கேட்டவர் அவர்தான். சபையில் ஆளுக்கொரு தூரம் சொன்னார்கள். சண்டை முற்றியபோது வாசலில் நின்ற கங்காணி, "நான் தீவுக் கரையில நின்னு ஒரு கல்லு எறியுறேனுங்க. விழுற எடம் வரைக்கும் மீனோடது. அங்கிட்டு உங்களோடது" என்றார். எல்லோருக்கும் பசி நேரம். தீர்மானம் நிறைவேறியது.

தீவின் மறுபக்கம் செங்குத்துப் பாறை; அங்கே யாரும் போவதில்லை. ஆகவே ஊர்ப்பக்கம் பார்த்து ஒரே எறி போதும். வருஷா வருஷம் தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு அவர் எறிய, கல் விழுந்த இடத்தில் காலி எண்ணெய் டின் ஒன்றைக் கயிற்றில் கட்டி மிதக்கவிடுவோம். முதல் எறி பாதிக் குளத்தைத் தாண்டியது.

"கங்காணியார், உங்களுக்குக் கைவலு இருந்தா எங்களுக்கு மீன் இல்லையா?" என்று நானா கூச்சல் போட்டார்.

"கரைப்பக்கம் தவளை இருக்கு நானா, புடிச்சுக்கங்க."

அன்றிலிருந்து நானா டின்னுக்கு ஒரு சாண் வெளியே தெப்பத்தை நிறுத்தி, தீவைப் பார்த்துத் திட்டிக்கொண்டே தூண்டில் போடுவார். கங்காணி தீவிலிருந்து பதில் திட்டுவார். அங்கே நானாவுக்கு நன்றாகவே மீன் விழுந்தது.

ஒருமுறை சேர்மன் பெரிய அதிகாரி ஒருவரைத் தெப்பத்தில் ஏற்றி டின்னைத் தாண்டித் தூண்டில் போடவைத்தார். கங்காணி பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் கொம்பை எடுத்து ஊதிவிட்டார்.

"ரெண்டு பேரும் எறங்கி வந்து வரிசையில நில்லுங்க!"

"கங்காணி, நான் சேர்மன்!"

"அது டின்னுக்கு அந்தப் பக்கமுங்க."

அதிகாரி பெரட்டில் நின்றார். அவருக்கு மரத்தடி கிடைத்தது.

பிறகு அந்தத் தோள் பழுதானது. ஒவ்வொரு தையிலும் டின் தீவை நோக்கி நகர்ந்தது. கங்காணி காற்றைக் குறை சொன்னார், கல்லைக் குறை சொன்னார், தைலம் வாங்கி வந்த என்னையும் குறை சொன்னார். மீன்காரர்கள் முதல் வருஷம் குஷியாக இருந்தார்கள், கூடை நிறைந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் கூடை காலியாகவே திரும்பியது. நாணலில் குஞ்சும் குறைந்தது. தீவுக்கு வரும் பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "எங்க தாத்தா மீனு?" என்று கேட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசித் தையில் ஊரே தீவுக் கரையில் கூடியது. கங்காணி கல்லை எடுத்தார். கை தோளுக்கு மேலே ஏறவில்லை. இன்னொரு முறை முயன்றார். கல் நழுவிக் காலடியில் புல்லில் விழுந்தது.

சேர்மன் மெதுவாகச் சொன்னார். "பரவாயில்லை கங்காணி. சபையில் பேசி தூரம் போட்டுக்கலாம்."

"வேணாமுங்க. கல்லு விழுற எடம்னு சொன்னது நானு. விழுந்திருச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டின்ன இங்கயே கட்டுங்க."

டின்னை யாரும் தொடவில்லை. நானா மட்டும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். புல்லில் கிடந்த கல்லைக் குனிந்து எடுத்தார். மாவு பிசைந்து முறுக்கேறிய கை அது. கல் போனது, போனது, கங்காணியின் முதல் எறி விழுந்த இடத்தையும் தாண்டி விழுந்தது.

"என்ன நானா இது?" என்றார் கங்காணி.

"என்னத்தச் சொல்ல? உங்கட டின் உள்ளுக்கு வரவர எங்களுக்கு ஒண்டும் கடிக்குதில்லை. பத்தாததுக்கு நீங்க திட்டுறதும் காதுல விழுகுதில்லை. அந்தா, அங்கதான் எல்லை."

கங்காணி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த வருசம் நேரத்தோட பெரட்டுக்கு வந்துருங்க. லேட்டா வந்தா பேரு கெடையாது" என்றார்.

நானா தவறாமல் வந்தார். கங்காணி போய்ச் சேர்ந்த பிறகும், வருஷா வருஷம் அந்தத் தை ஞாயிறன்று தீவுக் கரைக்கு முதலில் வந்து, தனியாக வரிசையில் நின்றார். ஒரு வருஷம் அவர் பின்னால் நானும் போய் நின்றேன். அடுத்த வருஷம் சேர்மன் எனக்குப் பின்னால் நின்றார். எங்களுக்கு இடம் பிரித்துக் கொடுக்க ஆளில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கல்லெறிந்தோம்.