ஹாலுக்கும் சமையலறைக்கும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

நானூற்றுப் பன்னிரண்டாவது சுற்று முடிந்து, தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் கீழ் வீட்டிலிருந்து முதல் தட்டு கேட்டது.

‘டொக்.’

உதவி மேலாளர் டம்ளரை வாயில் வைத்தபடியே தரையைப் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்தாள். மூலையில் நாற்காலி போட்டு, நோட்டில் சுற்று எண்ணிக்கொண்டிருந்த மாமனாரும் பார்த்தார். மூன்று பேர் முறைத்ததில் தரைக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

“ஒண்ணுதான் தட்டியிருக்காங்க. பயப்படாதீங்க மாப்பிள்ளை,” என்றார் மாமனார்.

அந்தக் கட்டடத்தில் யாரும் யாரிடமும் வாய் திறந்து குறை சொல்வதில்லை. ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால், டி.வி.யைக் குறை. இரண்டு என்றால், அந்த மிக்ஸியை நிறுத்தித் தொலை. மூன்று என்றால், இனிமேல் பேச்சில்லை, செயலாளரிடம் போகிறேன். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை; ஆனால் இருபது வருஷமாக இந்த பாஷையில்தான் முப்பத்தாறு குடும்பங்கள் பேசிக்கொள்கின்றன. கீழ் வீட்டில் கைக்குழந்தையோடு ஓர் இளம் ஜோடி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்களே என்று உதவி மேலாளர் வியந்தார்.

“நான் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரட்டுமா?” என்றாள் மனைவி.

“நாமளா போனா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா,” என்றார் மாமனார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். சில்லறை கேட்டு யார் கத்தினாலும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் பக்குவம் அவருக்கு உண்டு. “மாப்பிள்ளை, நாலு நிமிஷம் ஆச்சு. போலாம், ரைட்!”

அஞ்சு நிமிஷத்துக்கு மேல் நின்றால் ஆட்டம் காலி. அது முதலாளி போட்ட விதி.

அட்டைப்பெட்டி கம்பெனி முதலாளி போன மாதம் வரை சாதாரண மனிதராகத்தான் இருந்தார். ஏதோ மலைமேல் நடந்த மூன்று நாள் முகாமுக்குப் போய்விட்டு வந்தார். அதிலிருந்து ‘மன உறுதி’ இல்லாமல் அவரால் ஒரு கையெழுத்துக்கூடப் போட முடியவில்லை. புதிய கிளைக்கு ஒரு தலைவர் வேண்டும்; ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யார் அதிக மன உறுதியைக் காட்டுகிறாரோ அவருக்கே நாற்காலி என்று அறிவித்தார். கணக்காளர் ஐஸ் தண்ணீரில் உட்காருகிறேன் என்றார். விற்பனைப் பிரிவுக்காரர் ஒரு நாள் முழுக்கப் பேசமாட்டேன் என்றார். அதைக் கேட்டதும் அவர் வீட்டில் பாயசம் வைத்ததாகக் கேள்வி. நம் உதவி மேலாளர், லிஃப்ட் ரிப்பேர் என்றால் முதல் மாடியிலேயே தூணைப் பிடித்துக்கொள்ளும் ஆசாமி, வாய் சும்மா இருக்காமல், “வீட்டுக்குள்ளயே மாரத்தான் ஓடுறேன் சார்,” என்று சொல்லிவிட்டார்.

பால்கனிக் கதவிலிருந்து சமையலறைச் சுவர் வரை பதினோரு மீட்டர். போய்வந்தால் ஒரு சுற்று. மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு சுற்று. சோபாவைப் படுக்கையறைக்குள் தள்ளியாயிற்று. முதலாளி வீடியோ காலில் பார்ப்பதற்காக ஃபிரிட்ஜ் மேல் போனை நிறுத்தி வைத்தாயிற்று.

உண்மையைச் சொன்னால், கிளைத் தலைவர் நாற்காலி அவருக்கு இரண்டாம்பட்சம். வீட்டில் ஒன்பது நாள் வாசித்த கிடார் இருந்தது. பாதி நீலமும் பாதி வெள்ளையுமாக ஒரு சுவர் இருந்தது. பதினொன்றாம் பாடத்தோடு நின்றுபோன வெளிநாட்டு மொழி ஒன்று இருந்தது. மனைவி எதையும் குத்திக் காட்டுவதில்லை. விருந்தாளி யாராவது அந்தச் சுவரைப் பார்த்தால், “அது அப்படித்தான்,” என்று மட்டும் சொல்வாள். அந்த ‘அப்படித்தான்’ அவரை நாலு வருஷமாகக் குடைந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு விஷயத்தை முடித்து அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஷூதான் சத்தம் போடுகிறது என்று முடிவாயிற்று. கழற்றிவிட்டு வெறும் சாக்ஸில் ஓடினார். சத்தம் சுத்தமாகக் குறைந்தது. இருபதே சுற்றில் கீழே குழந்தை வீறிட்டது. கூடவே ‘டொக், டொக்.’

“இன்னுமா கேக்குது அவங்களுக்கு? பாம்புக் காதா?” என்றார் அவர்.

“பச்சக் கொழந்தைங்க. ஊசி விழுந்தாலும் முழிச்சிக்கும்,” என்றாள் மனைவி.

சுருக்கென்றது. இன்னும் மெதுவாக ஓடப் பார்த்தார். வழவழப்பான டைல்ஸில் சாக்ஸ் வழுக்கி, செருப்பு அலமாரியில் முழங்காலை இடித்துக்கொண்டார். போனிலிருந்து முதலாளியின் குரல் வந்தது.

“சபாஷ்! வலியை நண்பனாக்கு! மனசு இரும்பா ஆகுதா?”

“ஆகுது சார்.”

“காலு?”

“அது எப்பவோ ஆயிடுச்சு சார்.”

மனைவி படுக்கையறையில் சோபா மேல் ஏறி இறங்கி, வீட்டிலிருந்த மெத்தை, போர்வை எல்லாவற்றையும் கொண்டுவந்து வழிநெடுக விரித்தாள். இப்போது ஓடுவது சேற்றில் நடப்பது போலிருந்தது. ஒரு சத்தமில்லை. மாமனார்கூட, “மாப்பிள்ளை, ஓடுறீங்களா நிக்கிறீங்களா, கண்ணை மூடுனா தெரியல,” என்று பாராட்டினார்.

கீழே குழந்தை கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அழுதது. ‘டொக் டொக் டொக் டொக் டொக்.’

“அஞ்சு!” என்றார் மாமனார். இருபது வருஷ அகராதியில் அஞ்சுக்கு அர்த்தமே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு போர்வை காலடியில் சுருண்டது. உதவி மேலாளர் அதன்மேல் ஏறி, பறக்கும் கம்பளத்தில் வருகிறவர் போலச் சமையலறை வரை சவாரி போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களோடு மோதி நின்றார். எண்ணூற்று எழுபத்தாறாவது சுற்று, பாதியில்.

எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் வந்தது. போர்வைகளைத் தூக்கி எறிந்தார். ஷூவை மாட்டினார்.

“என்னங்க பண்றீங்க?”

“ஆனது ஆகட்டும்! நான் எதையுமே முடிக்கக் கூடாதா?”

தடதடவென்று ஓடினார். நூறு சுற்று, இருநூறு, அறுநூறு. கீழே ஒரு சத்தமில்லை. தட்டும் இல்லை, அழுகையும் இல்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. ஆயிரத்து எழுநூற்று எண்பதைத் தாண்டியதும் ஓடிக்கொண்டே அடிக்கொருதரம் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

“கொழந்தையத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டே போயிருப்பாங்களோ?” என்றாள் மனைவி.

“செயலாளர்கிட்ட எழுதிக் குடுத்துக்கிட்டு இருப்பாங்க,” என்றார் மாமனார். “இல்லேன்னா போலீஸ்.”

உதவி மேலாளரின் ஆத்திரம் காற்றுப்போன பலூனாகச் சுருங்கியது. ஷூவைத் திரும்பக் கழற்றினார். நுனிக்காலில் ஓட ஆரம்பித்தார்.

“யோவ், என்னய்யா இது?” என்றது போன். “மாரத்தான் ஓடுறியா, திருட வந்திருக்கியா?”

அவர் பதில் சொல்வதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டினார். நொண்டிக்கொண்டே ஆயிரத்து எண்ணூற்றுப் பத்தை முடித்தார். அப்போது கீழே மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை அழுகை வேறு மாதிரி இருந்தது. மூச்சு முட்டி, விட்டு விட்டு வந்தது. ஒட்டடைக் கம்பு எண்ணிக்கையை எல்லாம் விட்டுவிட்டுக் கூரையை இடித்தது.

அவர் நின்றார்.

“இன்னும் நூத்தியெட்டுதான் மாப்பிள்ளை!” மாமனார் நோட்டைத் தூக்கிக் காட்டினார். “டெர்மினஸ் வந்தாச்சு!”

“நிக்காதே!” என்றது போன். “இதுதான்யா டெஸ்ட்! அழுகைய மறந்துடு! யார் அழுதாலும் கேக்காத மனசுதான் தலைவனோட மனசு!”

உதவி மேலாளர் நொண்டியபடி ஃபிரிட்ஜ் பக்கம் போனார். போனை எடுத்தார்.

“சார், கணக்காளரையே போட்டுக்குங்க. ஒரு கொழந்தைய அழவச்சு எனக்கு எந்தக் கிளையும் வேணாம்.”

போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தார். மாமனார் பேனாவை மூடினார். கீழே அழுகை ஓயவில்லை. உதவி மேலாளர் மனைவியைத் திரும்பிப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சொல்லிடு. ‘அது அப்படித்தான்’னு.”

அவள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

“வாங்க, நானும் வரேன். ரெண்டு பேருமா போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடலாம்.”

கால் மடங்காததால் அவர் படிகளில் பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்கினார். ஒரு தோளை மனைவி பிடித்துக்கொண்டாள், இன்னொன்றை மாமனார். கதவைத் தட்டக்கூடத் தேவைப்படவில்லை. படியிறங்கும் சத்தம் கேட்டே கதவு திறந்தது.

அந்தப் பெண் நின்றாள். தலை கலைந்திருந்தது. கண்கள் பத்து நாள் தூங்காத கண்கள். தோளில் குழந்தை சிவந்துபோய்க் கதறிக்கொண்டிருந்தது. மறு கையில் ஒட்டடைக் கம்பு.

உதவி மேலாளர் கைகூப்பினார்.

“அம்மா, மன்னிச்சிடுங்க. தப்பு எம்மேலதான். காலையிலேர்ந்து உங்க கொழந்தைய இந்தப் பாடு படுத்திட்டேன். நிறுத்திட்டேன்மா. இனிமே ஒரு அடி ஓட மாட்டேன்.”

அவள் கையிலிருந்த கம்பு நழுவிக் கீழே விழுந்தது.

“ஐயையோ, உங்கள யாரு சார் நிறுத்தச் சொன்னது? பொறந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் உங்க ‘தடதட’வுல இவன் அசந்து தூங்கினான், நீங்க சத்தத்தைக் குறைக்கிறப்பல்லாம் முழிச்சிக்கிறான்னுதானே ‘ஓடுங்க, ஓடுங்க’ன்னு கை வலிக்கத் தட்டிக்கிட்டு இருக்கோம், போங்க சார், புண்ணியமாப் போகும், ஷூவ மாட்டிக்கிட்டு ஓடுங்க!”