மச்சானின் காரில் ஒரு மஞ்சள் வெளிச்சம்

காருக்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த வேகமுள் கண்ணாடியை நிஸ்மியா சவர்க்காரத் துணியால் உரஞ்சி, ஒட்டிக் கிடந்த கறுப்பு அழுக்கொன்றையும் சுரண்டி எடுத்துவிட்டு இறங்கினாள். அவள் புருஷன் ஹலீம் ஏறிச் சாவியைத் திருப்பினான். வேகமுள்ளின் பக்கத்தில், எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் எழுந்து அவனை முறைத்துப் பார்த்தது.

ஹலீம் சாவியை அணைத்துத் திரும்பவும் போட்டான். வெளிச்சம் போகவில்லை.

கார் அவனுடையதல்ல. நிஸ்மியாவின் தம்பி இர்ஷாத்தினுடையது. இர்ஷாத் மாப்பிள்ளையாகப் போன வீடு காத்தான்குடியின் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றுக்குள் இருந்தது. ஆட்டோ போனாலே மதில் உரசும். அதனால் கட்டாருக்குப் போகும்போது காரைத் தாத்தாவின், அதாவது அக்கா நிஸ்மியாவின், வீட்டு வளவில் விட்டுப் போயிருந்தான். ஹலீமும் இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான். வீடு பெண்டாட்டியுடையது, கார் மச்சானுடையது. அவனுக்கென்று அந்த வளவில் இருந்தது மானம் ஒன்றுதான்.

அதுவும் இன்று பின்னேரம் வரைதான் போலிருந்தது. இர்ஷாத்தைக் கூட்டிவர அவன் பெண்டாட்டி சப்னா வேனில் விமான நிலையத்துக்குப் போயிருந்தாள். வந்ததும் அவன் முதலில் பார்ப்பது காரைத்தான்.

"மாங்கேணிக்கு மீன் வாங்கக் கொண்டு போனீங்களே, அதுதான்," என்றாள் நிஸ்மியா. "தம்பி என்ன செல்லிட்டுப் போன? கேட்டத் தாண்டக் கூடா, கெழமைக்கொருக்கா ஸ்டாட் மட்டும் பண்ணுங்க எண்டு."

"மெதுவாச் செல்லு புள்ள, காருக்குக் கேட்கும்."

போனில் ஒரு வீடியோ பார்த்தான். பெற்றோல் மூடி இறுக்கமில்லாவிட்டாலும் அந்த வெளிச்சம் வருமாம். இறுக்கினான். இன்னும் இறுக்கினான். மூடி டக்கென்று உடைந்து பாதி கையோடு வந்தது. வெளிச்சம் அசையவில்லை.

அடுத்த வளவுக் கூட்டாளி பக்கீர், எங்கேயோ இரவல் வாங்கிய, காரின் பழுது காட்டும் ஸ்கேனரோடு ஓடிவந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிப் போனைத் தட்டினான். திரையில் சிவப்பாக என்னவோ வந்தது.

"என்னடா?"

"நம்பர் ஒண்டு வந்திரிக்கி."

"அதுக்கு என்ன கருத்து?"

"கருத்து விளங்கல்ல. ஆனா சிவப்பில வந்தா நல்லதா இரிக்காது. எங்கட வாப்பாட ரத்த ரிப்போட்டும் இப்பிடித்தான் வந்த."

"மறுகா?"

"மறுகா என்ன, மவுத்தாப் போனார், அடக்கினம்."

ஹலீம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"பயப்படாத மச்சான். பெட்டரி வயரக் கழட்டிப் பூட்டினா காருக்கு எல்லாம் மறந்திரும்."

"மாங்கேணியுமா?"

கழற்றிப் பூட்டினார்கள். கார் எதையும் மறக்கவில்லை. ஊரைக் கூட்டிச் சொல்லத் தொடங்கியது. ஹோன் நிற்காமல் அலறியது. மஞ்சளுக்குத் துணையாகச் சிவப்பில் இன்னும் நாலைந்து வெளிச்சங்கள் எழும்பின. மதிலுக்கு மேலே தலைகள் முளைத்தன.

"ஆரு மவுத்து?" என்று ஒரு தலை கேட்டது.

பக்கீர் பதறிப்போய்க் கையில் அகப்பட்ட வயரைப் பிடுங்கினான். ஹோன் நின்றது. எல்லாமே நின்றது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை.

"பாத்தியா," என்றான் பக்கீர், "மஞ்சள் லைட் அணைஞ்சிட்டு."

அந்த நேரம் பார்த்துக் கேட்டடியில் வேன் வந்து நின்றது. பக்கீர் மதிலேறிக் குதித்து மறைந்தான். ஹலீம் காருக்கடியில் ஊர்ந்து போய்க் கண்ணை இறுக்க மூடித் தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினான். பாவம் மனுசன், உயரம் கூட. கால் இரண்டும் வெளியே கிடந்தன.

செருப்புச் சத்தம் வந்தது. ஒரேயொரு சோடி. சப்னா.

"தம்பி எங்க?" நிஸ்மியா வேனை எட்டிப் பார்த்தாள்.

"இறங்க மாட்டாராம் மதினி, காருக்கடியில காலக் கண்டதோட வேன் சீட்டுக்குக் கீழ ஒளிச்சிக் கிடக்கார்," என்றாள் சப்னா. "அந்த மஞ்சள் லைட்டுக்கு மேல கறுப்பு டேப் ஒட்டி மறைச்சுத்தானே காரை ஹலீம் காக்காட தலையில கட்டிட்டுப் போனவர்!"